மாரி காலத்தில் ரெசின் தட்டங்கள் வெளிறுகின்றன: விடுதிக்குக் கொடுக்கலாமா?

உப்புவெளி_நீலம் எழுதியது:

வணக்கம். காலையில் பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறேன். இரவில் பின் விறாந்தையில் ரெசின் வார்க்கிறேன், அதாவது கடினமாக்கி என்ற திரவத்தைக் கலந்தால் இறுகும் பிசின். பரிமாறும் தட்டங்களும் தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைக்கும் வட்டத் தட்டுகளும்தான் அதிகம். திருகோணமலை டச்சுக்குடாவின் காலை நீலம்தான் என் நிறம். நீலத்தின் ஓரத்தில் வெள்ளை நிறமியை ஊற்றிச் சூடான காற்றை ஊதினால், அலை நுரை மணலில் விரிவது போலக் கண்ணி கண்ணியாக விரியும். அந்த ஒரு நிமிடத்துக்காகவே இந்த வேலையை விட மனம் வருவதில்லை.

நிலாவெளியில் ஒரு விடுதி, மே மாதம் பயணிகள் வரத் தொடங்குவதற்கு முன் 12 தட்டங்களும் 48 வட்டத் தட்டுகளும் கேட்டிருக்கிறது. எனக்கு வந்த முதல் பெரிய வேலை. ஆனால் மார்கழி மழையில் வார்த்த ஐந்து தட்டங்களிலும் எண்ணெய் பூசியது போல வெண்படலம். இரண்டில் விரல் ஒட்டுகிறது. சீக்கிரம் இறுகட்டும் என்று கடினமாக்கியைக் கூடுதலாக ஊற்றினேன், இன்னும் மோசமானது. அம்மா கொதிக்கக் கொதிக்கத் தேநீரை வைத்தார், வளையம் அப்படியே பதிந்துவிட்டது. கரையில் பொறுக்கிய சிப்பியும் பவளத் துண்டும் பதித்ததில் குமிழ்கள் வேறு. தட்டம் ஒன்றுக்குப் பொருட்செலவு 2,600 ரூபாய், நான் விற்பது 3,500. எங்கே பிழை விடுகிறேன்?

கன்னியா_தச்சுப்பட்டறை எழுதியது:

தங்கச்சி, அந்த வெண்படலம் மாரிக் காற்றின் வேலை. கடினமாக்கியில் உள்ள அமீன் என்ற வேதிப்பொருள், காற்றிலுள்ள ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து மேலே படிகிறது. தட்டம் முழுதாக இறுகிய பிறகு இளஞ்சூட்டு நீரும் சவர்க்காரமும் போட்டுக் கழுவுங்கள், போய்விடும். கழுவாமல் அடுத்த பூச்சு ஊற்றினால் அது பிடிக்காது, உரிந்து வரும்.

ஒட்டுவது வேறு காரணம். எப்பொக்சி என்ற இந்த வகை ரெசினில் கடினமாக்கியைக் கூட்டினால் வேகமாக இறுகாது. இணை சேராத மிச்சம் உள்ளேயே கிடந்து பிசுபிசுக்கும். புட்டியில் போட்டிருக்கும் விகிதம் கன அளவா நிறையா என்று முதலில் பாருங்கள். இரண்டும் ஒன்றல்ல, கன அளவில் 1:1 என்பதைத் தராசில் 1:1 என்று நிறுத்தால் பிழையாகிவிடும். கலக்கும்போது கோப்பையின் அடியையும் ஓரத்தையும் வழித்து, இன்னொரு கோப்பைக்கு மாற்றி மறுபடியும் கலக்குங்கள். நிறமி நூற்றுக்கு 5 பங்கைத் தாண்ட வேண்டாம். மழை விடாத நாளில் வார்க்கவே வேண்டாம். நான் வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் வார்த்து, மாரியில் தேய்ப்பதும் மெருகிடுவதும் மட்டுமே செய்கிறேன். உங்களுக்கு மே மாதம்தான் கெடு என்பதால், தை முடிந்து வானம் வெளித்ததும் தொடங்கிவிடுங்கள்.

கையுறை போடுகிறீர்களா? நான் மூன்று வருடம் வெறுங்கையால் செய்தேன். இப்போது ஒரு துளி பட்டாலே முழங்கை வரை தடித்துச் சிவக்கிறது. இந்த ஒவ்வாமை வந்தால் போகாது. நைட்ரைல் கையுறை வாங்குங்கள், வீட்டார் உறங்கும் அறைப் பக்கம் காற்றுப் போகாதபடி வேலை செய்யுங்கள்.

புறாத்தீவுப்_படகு எழுதியது:

பவளத் துண்டை விட்டுவிடுங்கள் அக்கா. நிலாவெளிக்கு எதிரே கடலில் உள்ள புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா. அங்கிருந்து ஒரு துண்டுகூட எடுத்துவரக் கூடாது. உங்கள் துண்டு உப்புவெளிக் கரையில் ஒதுங்கியதாகவே இருக்கட்டும், வாங்கிப் போகும் பயணி விமான நிலையத்தில் அதை எப்படி நிரூபிப்பார்? நாள்தோறும் அந்தப் பவளத்துக்கு மேலே படகு ஓட்டுகிறேன். அது கடலுக்குள்ளேயே இருக்கட்டும். உங்கள் நீலத்தைப் பார்த்தாலே எந்தக் கடல் என்று தெரிகிறது.

மூதூர்_கைவினை எழுதியது:

குமிழுக்குக் காரணம் சிப்பிக்குள் இருக்கும் ஈரமும் காற்றும். நன்றாக உலர்த்தி, முதலில் மெல்லிய ரெசின் பூசி அடைத்துவிட்டுப் பிறகு பதியுங்கள்.

விலையைப் பார்த்து எனக்கு மனம் பொறுக்கவில்லை. 900 ரூபாய்க்கு எத்தனை மணி நேரம் வேலை செய்கிறீர்கள்? கெட்டுப்போன ஐந்து தட்டங்களின் 13,000 ரூபாயை யார் தருவார்கள்? 5,500க்குக் குறையாமல் கேளுங்கள். விடுதி தன் பங்கைச் சேர்த்துத்தான் விற்கும். பாதிப் பணத்தை முன்பணமாக வாங்காமல் ஒரு புட்டிகூடத் திறக்காதீர்கள்.

சாதாரண எப்பொக்சி 50, 60 பாகை செல்சியசிலேயே இளகத் தொடங்கும். தேநீருக்கு என்று சொல்லி விற்றால் அம்மாவுக்கு நடந்தது வாங்கியவர் வீட்டிலும் நடக்கும். இளநீருக்கும் பழச்சாற்றுக்கும் என்று சொல்லிக் கொடுங்கள். தட்டத்தில் உணவை வைத்து வெட்ட வேண்டாம், வெயிலில் விட்டால் மஞ்சளாகும் என்பதையும் எழுதி ஒட்டுங்கள்.

உப்புவெளி_நீலம் எழுதியது:

நேற்றிரவு ஐந்தையும் கழுவினேன். மூன்று பளிச்சென்று வந்துவிட்டன. ஒட்டும் இரண்டையும் எறிந்துவிட்டேன். என் புட்டியில் இருந்தது கன அளவு, நான் ஒரு வருடமாகத் தராசில் நிறுத்திருக்கிறேன். விடுதிக்காரரிடம் தேநீர் விடயத்தைச் சொன்னேன். வட்டத் தட்டுகளைக் குளிர்பானம் கொடுக்கும் இடத்துக்கு மாற்றி, 48ஐ 30 ஆக்கிவிட்டார். தட்டம் 5,000க்கு முடிந்தது, முன்பணம் வெள்ளிக்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார். பவளத் துண்டுகளை இன்று காலை கரையிலேயே கொண்டுபோய் விட்டேன்.