வீடியோ கூகுளில் வரவே இல்லை, அவசரம், யாராவது பாருங்கள்

கூத்துமாடம்_கொழிஞ்சை
வணக்கம். எங்கள் தளத்தில், கேரளத்துக் கோயிலில் கம்பராமாயணத்தை ஆடும் தோல்பாவைக்கூத்து வீடியோக்களைப் போட்டிருக்கிறேன். கூகுளில் தேடினால் பக்கம் வருகிறது, வீடியோ வரவில்லை. வீடியோ தாவலில் (டேப்) எங்கள் தளமே இல்லை. சைட்மேப் (தளத்தின் பக்கப் பட்டியல்) கொடுத்தாயிற்று. கோயில் பூரம் நெருங்குகிறது, கமிட்டியில் தினமும் கேட்கிறார்கள். என்ன செய்ய வேண்டும்? கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள்.

மீனாட்சிபுரம்_செக்போஸ்ட்
யூடியூபில் போட்டதா, சொந்த சர்வரா? அதைச் சொல்லவே இல்லையே அண்ணா.

நகரி_தறி
தளம் எதில் ஓடுகிறது? வேர்ட்பிரஸா? தளக்காரர்களுக்கு கூகுள் தரும் சர்ச் கன்சோலில் என்ன சொல்கிறது? அதில் வரும் வரியை அப்படியே இங்கே போடுங்கள்.

சர்வர்சாமி
வாரத்துக்கு ஒருவர் இதையே கேட்கிறார். தேடிப் பார்த்துவிட்டுக் கேட்டால் எல்லோருக்கும் நேரம் மிச்சம். சரி, அடிப்படையிலிருந்து சொல்கிறேன், கவனமாகப் படியுங்கள்.

க்ராலர், அதாவது தளங்களைச் சுற்றிப் பார்க்கும் கூகுளின் நிரல், முதலில் பக்கத்தின் முகவரியைக் கண்டுபிடிக்கிறது. இன்னொரு பக்கத்தில் உள்ள இணைப்பிலிருந்தோ சைட்மேப்பிலிருந்தோ அது கிடைக்கும். அப்புறம் பக்கத்தை எடுத்து, ஒரு க்ரோம் உலாவி போலவே ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டிப் பார்க்கிறது. அப்போது வீடியோ பக்கத்தில் தென்பட வேண்டும். அது பட்டனை அழுத்தாது, விரலால் தள்ளாது. 'பார்க்க இங்கே தொடவும்' என்று வைத்து, தொட்ட பிறகுதான் பிளேயர் வரும் என்றால், அதைப் பொறுத்தவரை அந்தப் பக்கத்தில் வீடியோவே கிடையாது.

பெரும்பாலும் உங்கள் பிளேயர் ஹெச்எல்எஸ் (வீடியோவைத் துண்டு துண்டாக அனுப்பும் முறை) வகையாக இருக்கும், பக்கத்தில் 'பிளாப்' என்று தொடங்கும் முகவரிதான் தெரியும். அதை கூகுள் ஏற்காது. அல்லது சில மணி நேரத்தில் காலாவதியாகும் டோக்கன் முகவரியாக இருக்கும். ஒவ்வொரு முறையும் முகவரி மாறினால், இது போன தடவை பார்த்த அதே வீடியோதானா என்று அதற்கு எப்படித் தெரியும்? நிலையான முகவரி கொடுங்கள். இதுதான் காரணம், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மீனாட்சிபுரம்_செக்போஸ்ட்
சாமி சார், அவர் என்ன பிளேயர் என்றே இன்னும் சொல்லவில்லை.

என்னைக் கேட்டால் எல்லாவற்றையும் யூடியூபில் ஏற்றிவிடுங்கள் அண்ணா. தலைப்பு, விளக்கம், வசன வரி எல்லாம் அவர்களே கேட்டு வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். 'அன்லிஸ்டட்' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள், அது தேடலில் வராது. சொந்த சர்வரில் விடிய விடிய ஓடும் கூத்தை வைத்தால் பில் கட்டி மாளாது.

கூத்துமாடம்_கொழிஞ்சை
மன்னிக்கவும், பணியில் இருந்தேன். வேர்ட்பிரஸ். சொந்த வீடியோக்கள், எம்பி4. ஒரே பக்கத்தில் 14 இரவுகளும் இருக்கின்றன. மேலே பாடல்களை முழுவதும் தட்டச்சு செய்திருக்கிறோம், கீழே மலையாளத் தலைப்போடு வீடியோக்கள். ஃபோனில் நன்றாகவே ஓடுகிறது. யூடியூப் வேண்டாம் என்பது கமிட்டி முடிவு.

நகரி_தறி
கன்சோல் வரி எங்கே? அதைத்தான் முதலில் கேட்டேன்.

வேர்ட்பிரஸ் 5.5 பதிப்பிலிருந்து தானாகவே ஒரு சைட்மேப் செய்து தரும், நீங்கள் கொடுத்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும். அதில் பக்கங்களின் முகவரி மட்டுமே இருக்கும், வீடியோ விவரம் ஒன்றும் இருக்காது. வீடியோ சைட்மேப் தனி. ஒவ்வொரு வீடியோவுக்கும் தலைப்பு, விளக்கம், சிறுபடத்தின் முகவரி, அப்புறம் கோப்பின் முகவரி அல்லது பிளேயரின் முகவரி வேண்டும். அது இல்லாமலும் கூகுள் தானாகக் கண்டுபிடிக்கலாம். ஆனால் கொடுத்துவிட்டால் ஊகிக்கும் வேலை குறையும்.

ஆரியங்காவு_அக்கா
தம்பி, 14 இரவும் ஒரே பக்கம் என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டீர்களே, எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

2023 டிசம்பரிலிருந்து, வீடியோவே முதன்மையாக இருக்கும் பக்கங்களை மட்டும்தான் கூகுள் வீடியோ தாவலில் காட்டுகிறது. நீளமான கட்டுரையின் அடியில் கிடக்கும் வீடியோவை அது எடுத்துக்கொள்வதில்லை. சர்ச் கன்சோலில் 'வீடியோ இந்தப் பக்கத்தின் முதன்மை உள்ளடக்கம் அல்ல' என்ற பொருளில் ஒரு வரி வரும், பாருங்கள். உங்கள் பக்கத்தில் பாடல்கள்தான் முதன்மை, வீடியோ துணைக்கு நிற்கிறது. பாட்டைத் தட்டச்சு செய்தது வீண் என்று சொல்லவே மாட்டேன், அது பொக்கிஷம். ஆனால் ஒவ்வொரு இரவுக்கும் ஒரு தனிப் பக்கம் வையுங்கள். திறந்தவுடன் வீடியோ மேலே தெரியட்டும். அந்த இரவின் பாடல்கள் மட்டும் அதற்குக் கீழே வரட்டும்.

இன்னொன்று. இரவு முழுக்க ஓடும் பதிவில் கும்பகர்ணன் வதையை மட்டும் தேடி வருகிறவர் என்ன செய்வார்? ஸ்கீமாவில் (பக்கத்தின் விவரங்களைத் தேடுபொறிக்குச் சொல்லும் குறியீடு) 'கிளிப்' என்று ஒன்று இருக்கிறது. காட்சியின் பெயர், எத்தனையாவது வினாடியில் தொடங்குகிறது, அந்த இடத்துக்கே போகும் முகவரி, இவ்வளவு கொடுத்தால் போதும். தேடல் முடிவிலேயே அந்தக் காட்சிக்குத் தாவ வழி கிடைக்கும். திரையில் தெரிவது விளக்கொளியும் நிழலும்தான். கோப்பு கைக்குக் கிடைத்தால் கூகுள் படத்தையும் ஒலியையும் ஓரளவு ஆராயும் என்றாலும், எது அங்கதன் தூது, எது சேதுபந்தனம் என்று நீங்கள் எழுத்தில் சொல்லிவிடுவதுதான் உறுதி.

பாலாற்றங்கரை
கேரளத்துக் கோயிலில் கம்பராமாயணமா? இது மலையாளக் கலை அல்லவா? வேறு எதையாவது சொல்கிறீர்களா?

ஆரியங்காவு_அக்கா
கம்பராமாயணமேதான். பாரதப்புழைக் கரையிலும் அதைச் சுற்றியும் உள்ள பத்திரகாளி கோயில்களில் இதற்கென்றே கூத்துமாடம் கட்டியிருக்கிறார்கள். திரைக்குப் பின்னால் வரிசையாக 21 விளக்கு, மான் தோலில் செய்த பாவைகள். தாரிகன் என்ற அசுரனோடு போரிடப் போனதால் ராம ராவண யுத்தத்தைக் காளியால் பார்க்க முடியாமல் போயிற்று, அவள் பார்ப்பதற்காகவே இந்தக் கூத்து என்பது ஐதீகம்.

பாலாற்றங்கரை
அப்படியானால் தமிழ்க் கலை என்றே தளத்தில் போட வேண்டும். எதற்கு மலையாளத் தலைப்பு?

மீனாட்சிபுரம்_செக்போஸ்ட்
பாட்டு தமிழ், நடுவில் சொல்லும் விளக்கம் தமிழும் மலையாளமும் கலந்து வரும். ஆடுகிறவர்களும் பார்க்கிறவர்களும் பெரும்பாலும் மலையாளிகள். இதில் பங்கு பிரித்து என்ன ஆகப்போகிறது?

பாலாற்றங்கரை
பங்கு பிரிக்கவில்லை. நம் பெயர் இல்லாமல் போய்விடும் என்றுதான் சொல்கிறேன். இப்படித்தான் ஒவ்வொன்றாகப் போயிற்று.

சர்வர்சாமி
இந்த இழை வீடியோ தேடலைப் பற்றியது. தேடுகிறவர்கள் இரண்டு மொழியிலும் தேடுவார்கள், பக்கத்தில் இரண்டிலும் எழுத்து இருக்கட்டும். முடிந்தது.

இதில் ஒரு பழைய செய்தி உதவும். 2005-இல் கூகுள் வீடியோ தொடங்கியபோது அது தொலைக்காட்சி நிகழ்ச்சிகளின் வசன வரிகளைத்தான் தேடியது. வீடியோ தேடல் அன்றிலிருந்தே எழுத்தைத்தான் நம்பியிருக்கிறது. தட்டச்சு செய்த பாடல்களை வெப்விடிடி கோப்பாக்கி வசன வரியாகவும் இணையுங்கள். காது கேளாதவர்களுக்கும் உதவும்.

கூத்துமாடம்_கொழிஞ்சை
கன்சோலில் இரண்டு விதமாக வருகிறது. ஒன்று அக்கா சொன்ன வரியேதான். இன்னொன்று சிறுபடத்தை எடுக்க முடியவில்லை என்று. ஆனால் சிறுபடம் எங்கள் எல்லோருக்கும் தெரிகிறதே?

நகரி_தறி
கோப்புகளும் படங்களும் பக்கம் இருக்கும் அதே சர்வரிலா?

கூத்துமாடம்_கொழிஞ்சை
இல்லை, மீடியா என்று தொடங்கும் வேறொரு துணைமுகவரி. அது வேறு ஹோஸ்டிங்.

நகரி_தறி
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம் அண்ணா! எனக்கு வரும் சந்தேகம் இதுதான்: அந்த ஹோஸ்டிங்கில் வெளிநாட்டுப் போக்குவரத்தை அடைத்திருப்பார்கள். கூகுள்பாட் (கூகுளின் க்ராலர்) பெரும்பாலும் அமெரிக்க ஐபி முகவரியிலிருந்துதான் வரும். பாலக்காட்டிலோ பொள்ளாச்சியிலோ உட்கார்ந்து ஃபோனில் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். கன்சோலில் 'நேரடிச் சோதனை' போடுங்கள், அது கூகுள் பக்கத்திலிருந்து வந்து பார்க்கும். மீடியா சர்வரின் லாகையும் (வருகைப் பதிவு) எடுங்கள். கூகுள்பாட் என்ற பெயருக்கு எதிரே 200 இருக்கிறதா 403 இருக்கிறதா? 403 என்றால் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

எங்கள் தெருக்கூத்துப் பதிவுகளுக்கும் இதேதான் நடந்தது. பக்கம் வேறு சர்வரில் இருந்ததால் அது தேடலில் வந்தது, வீடியோ மட்டும் வரவில்லை.

சர்வர்சாமி
இருக்கலாம். ஆனால் திறந்துவிடும்போது பெயரை மட்டும் பார்த்து அனுமதிக்காதீர்கள், 'நான்தான் கூகுள்பாட்' என்று எவரும் சொல்லிக்கொண்டு வரலாம். ஐபியைத் திருப்பித் தேடினால் கூகுள்பாட் டாட் காம் அல்லது கூகுள் டாட் காம் என்று முடிய வேண்டும். அந்தப் பெயரைத் தேடினால் மறுபடி அதே ஐபி வர வேண்டும். ஐபி பட்டியலையும் கூகுளே வெளியிடுகிறது. கூடவே மீடியா முகவரியின் ரோபோட்ஸ் கோப்பையும் (க்ராலர் எதைப் பார்க்கலாம் என்று சொல்வது) பாருங்கள். அது ஒவ்வொரு துணைமுகவரிக்கும் தனித்தனி, முதன்மைத் தளத்தில் திறந்திருப்பது இங்கே செல்லாது.

ஸ்கீமாவில் 'வீடியோ ஆப்ஜெக்ட்' இருக்கிறதா? பெயர், சிறுபடம், பதிவேற்றிய தேதி மூன்றும் கட்டாயம். கோப்பின் முகவரியையும் சேருங்கள்.

மீனாட்சிபுரம்_செக்போஸ்ட்
இவ்வளவு பாடு படுவதற்கு யூடியூபே மேல் என்றுதான் இன்னும் நினைக்கிறேன்.

ஆரியங்காவு_அக்கா
எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்து, ஒரு நாள் கணக்கு முடங்கிவிட்டால்? பின்னணியில் ஒலித்த யாரோ ஒருவரின் பாட்டுக்காகப் பதிவே இறங்கிவிட்டால்? அண்ணாவிகளும் புலவர்களும் இருக்கும்போதே எடுத்த பதிவை அப்படி விட்டுவிட என் மனம் ஒப்பாது. வேண்டுமானால் இரண்டு இடத்திலும் வையுங்கள், மூலம் நம் கையில் இருக்கட்டும்.

மீனாட்சிபுரம்_செக்போஸ்ட்
இரண்டு இடத்தில் வைத்தால் தேடலில் யூடியூப் பக்கம்தான் முன்னால் வந்து நிற்கும் அக்கா. அப்புறம் தளம் எதற்கு?

ஆரியங்காவு_அக்கா
பாடலும் காட்சிப் பிரிவும் தளத்தில்தானே இருக்கிறது. தேவைப்படுகிறவர் அங்கே வருவார்.

கூத்துமாடம்_கொழிஞ்சை
லாகில் 403 தான். ஹோஸ்டிங்கில் பேசித் திறந்தாயிற்று. முதல் இரவுக்குத் தனிப் பக்கம் போட்டேன், இன்று வீடியோ தாவலில் வந்துவிட்டது. மற்ற இரவுகளைப் பிரிக்க வேண்டும். எல்லோருக்கும் நன்றி.

சர்வர்சாமி
திறந்தவுடன் வந்ததா, பக்கத்தைப் பிரித்த பிறகு வந்ததா? பின்னால் வருகிறவர்களுக்காகக் கேட்கிறேன்.

வாளையாறு_புதியவன்
எனக்கும் இதே தொல்லைதான், சிறுபடம் கிடைக்கவில்லை என்று வருகிறது. ஆனால் என் கோப்புகள் எல்லாம் ஒரே சர்வரில். யாராவது பார்க்க முடியுமா?

நகரி_தறி
தனி இழை போடுங்கள் தம்பி. கன்சோல் வரியையும், எந்தத் தளம், எந்தப் பிளேயர் என்பதையும் முதலிலேயே எழுதிவிடுங்கள்.