உப்பங்கழியில் நிற்கும் ஆள், ஏறும் தண்ணி: இரட்டைத் திரை வீடியோவுக்கு ஆலோசனை வேணும்

அலையாத்தி:
தண்ணி வத்தி இருக்கும்போது தொடங்கி, நிறையுற வரைக்கும் ஒரு பொண்ணு ஒரே இடத்துல நிக்கிறாங்க. ஒரு திரையில அவங்க, இன்னொண்ணுல பக்கத்துச் சேறு. கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில டைம்லாப்ஸா (விட்டு விட்டுப் படம் எடுத்து வேகமா ஓட்டுறது) சோதிச்சதுல தண்ணி ஏறினதே தெரியல, வெளிச்சம் மினுக்குது, டிரைபாட் சாயுது. காட்டப்போறது புதுச்சேரியில, ஒரே அறையில.

கழிமுகம்:
இடம்தான் தப்பு. நம்ம கரையில ஓதம், அதாவது கடல் மட்டம் தினமும் ஏறி இறங்குறதே, ஒரு மீட்டருக்குள்ளதான். திறந்த கடல்ல அதை அலை விழுங்கிடும். பிச்சாவரம் மாதிரி உப்பங்கழிக்குப் போங்க. முழங்காலைத் தாண்டி விரல் விரலா ஏறுறது அங்கதான் தெரியும். அமாவாசை, பௌர்ணமி கழிஞ்சு ஓரிரு நாள்ல ஏத்தம் அதிகம். வத்தினதுலேருந்து நிறைய சுமார் 6 மணி நேரம். துறைமுக அட்டவணையை அப்படியே நம்பாதீங்க, கழிக்குள்ள தாமதமாத்தான் ஏறும். முந்தின நாளே ஒரு குச்சி நட்டுக் கோடு போட்டுப் பாருங்க. ஐப்பசி, கார்த்திகை வேண்டாம், ஆத்து வெள்ளத்துல ஓதம் அடங்கிடும். வனத்துறை அனுமதி முதல்ல. வெறுங்காலோட நிக்க வைக்காதீங்க: சேத்துலேருந்து நீட்டிக்கிட்டு நிக்கிற அலையாத்தி மூச்சுவேர் குத்தும், மட்டி ஓடு கிழிக்கும்.

வெளிச்சம்60:
மினுக்கலுக்கு முதல் காரணம் ஆட்டோ எக்ஸ்போஷர், கேமரா தானா வெளிச்ச அளவை மாத்திக்கிறது. ஐஎஸ்ஓ, ஷட்டர், ஒயிட் பேலன்ஸ் எல்லாத்தையும் மேனுவல்ல பூட்டுங்க. அப்பவும் மினுக்கினா லென்ஸோட ஒளித் துவாரம், அபெர்ச்சர்தான்: ஒவ்வொரு படத்துக்கும் மூடித் திறக்கும்போது இம்மி மாறும். முழுசா திறந்து வச்சு, என்டி ஃபில்டரால (லென்ஸ் முன்னாடி மாட்டுற கறுப்புக் கண்ணாடி) வெளிச்சத்தைக் குறைங்க.

ஆனா அந்தப் பொண்ணை டைம்லாப்ஸ்ல எடுக்கவே வேண்டாம். எடுத்தா பொம்மை மாதிரி துடிப்பாங்க. மூச்சு, பாதம் மாத்துறது, தொடையில ஈரம் படும்போது தோள் சிலிர்க்கிறது எல்லாம் போயிடும். அவங்களை நிஜ வேகத்துல முழுசா எடுங்க. வீடியோ வினாடிக்கு 25 மெகாபிட்னா 6 மணி நேரத்துக்கு 68 ஜிபி வரும். சில கேமரா அரை மணியில தானா நின்னுடும், முன்னாடியே பாத்துக்கோங்க. சேறு மட்டும் டைம்லாப்ஸ்: 5 வினாடிக்கு ஒண்ணுன்னா 4,320 படம், வினாடிக்கு 25 பிரேம்ல ஓட்டினா 2 நிமிஷம் 53 வினாடி. அதைத் திரும்பத் திரும்ப ஓட விடுங்க. தண்ணி பலமுறை வந்து போகும், ஆள் ஒரே தடவை நிப்பாங்க. ரெண்டு திரையையும் நேரம் பொருத்தி ஓட்டத் தேவையே இல்ல.

சேத்துக்கால்:
டிரைபாட் கால் ஒவ்வொண்ணுக்கும் அடியில ஒரு அடி சதுர பிளைவுட் போடுங்க. ஆடாம இருக்க டிரைபாட் நடுவுல தொங்கவிடுற மணல் மூட்டை தரையைத் தொட்டுக்கிட்டு இருக்கணும், இல்லன்னா காத்துல ஆடி கேமராவையும் ஆட்டும். வச்ச உடனே எடுக்காதீங்க. கொஞ்ச நேரம் சேத்துல அமுங்கும், அரை மணி விட்டு மட்டம் பாத்துட்டுத் தொடங்குங்க. முடிஞ்சதும் டிரைபாட் கால்களை நல்ல தண்ணியில கழுவலன்னா உப்பு பூட்டிக்கும்.

அறையில திரைகளை எதிரெதிர் சுவர்ல வைக்காதீங்க, ஒரு திரையில இருக்குற வானத்தோட வெள்ளை தெறிச்சு சேத்தோட கருப்பைச் சாம்பலாக்கிடும். ஒரே சுவர்ல பக்கத்துல பக்கத்துல வைங்க, சேறு தரையோரமா.