வீட்டுப் பின்புறத்தில் கோல்ஃப் பயிற்சித் தளம்: இருவர் அனுபவம்

சுங்கை சிப்புட்டிலிருந்து (மலேசியா):

எங்கள் தாமான் (குடியிருப்பு) வீட்டின் பின்வேலியைத் தாண்டினால் செம்பனைத் தோட்டம். வேலிக்கு இப்பால் கிடந்த நிலத்தில் மகளுக்காகப் பட்டிங் (பந்தைக் குழிக்குள் உருட்டுவது), சிப்பிங் (அருகிலிருந்து பந்தைச் சற்றே எழுப்பி அடிப்பது) பயிற்சித் தளம் அமைத்தோம். இதைப் பற்றி விசாரிப்பவர்கள் எந்தப் புல் நல்லது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நம் ஊரில் புல் கடைசிக் கவலை. தண்ணீரே முதல் கவலை.

மாலை மழை ஒரு மணி நேரம் கொட்டினால் அடியிலுள்ள களிமண் நீரை உள்ளே விடாது, தளம் சேறாகிவிடும். கோல்ஃப் திடல்களில் கிரீனுக்கு, அதாவது குழியைச் சுற்றியுள்ள மழித்த புல்தரைக்கு, அடியில் சுமார் 10 செ.மீ. சரளைக்கல்லும் அதன்மேல் 30 செ.மீ. மணலும் இடுவது வழக்கம். எங்களுக்கு மண்வேலை செய்த பெரியவர், ஒரு காலத்தில் தோட்டத்தில் கான் (வடிகால்) வெட்டியவர். வீட்டுக்கு அதில் பாதி ஆழம் போதும் என்றும், ஆனால் நீர் வெளியேற வழி வைக்காமல் மணல் கொட்டுவது தொட்டி கட்டுவதற்குச் சமம் என்றும் சொல்லி, மூலையில் துளையிட்ட குழாயைப் புதைத்து வீட்டுக் கானோடு இணைத்தார். ஐந்து மீட்டர் நீளத்துக்குப் பத்து சென்டிமீட்டர் சரிவு வைத்தார். அந்தச் சரிவில் மழைநீரும் வடிகிறது, பந்தும் இயல்பாக உருளுகிறது.

பந்து விழும் குழியின் விட்டம் விதிப்படி 108 மி.மீ. என்பதால், நான்கங்குலக் குழாய்த் துண்டு ஏறக்குறையப் பொருந்துகிறது. அடிப்பக்கத்தை மூடாமல் சரளைக்கல்லின்மேல் நிறுத்துங்கள். மூடினால் நீர் தேங்கி ஏடிஸ் கொசு முட்டையிடும். நோய் பரப்பும் பூச்சிகளை அழிப்பதற்கான 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அதற்கு அபராதமும் உண்டு.

புல்லைப் பொறுத்தவரை, தெருவோரம் எங்கும் காணும் கவ் கிராஸ் இலை அகன்றது; பந்து தடுமாறும். மலாயாவின் பழைய கிரீன்களில் பயன்பட்ட செரங்கூன் புல்லும் பிலிப்பைன் புல்லும் மெல்லிய இலை கொண்டவை. நாங்கள் பிலிப்பைன் புல்லைப் பதித்தோம். அது மெதுவாகத்தான் படரும். பொறுமை இல்லாதவர்கள் செயற்கைப் புல் விரித்துக்கொள்ளலாம், ஆனால் நண்பகலில் அதன்மேல் வெறுங்காலோடு நிற்க முடியாது.

யாரும் எச்சரிக்காத விஷயம் தோட்டத்து மாடுகள். மழை விட்டதும் வேலி இடுக்கில் புகுந்துவிடும். ஈர மணலில் பதியும் ஒவ்வொரு குளம்படியும் ஒரு கைப்பிடி ஆழம் இருக்கும். அதை மணலிட்டு நிரப்பி, பலகை வைத்துத் தட்டிச் சமன்செய்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். வேலிக்குச் செலவிடத் தயங்காதீர்கள்.

குளுவாங்கிலிருந்து:

ஐயா, தரையைப் பற்றி விளக்கமாக எழுதியிருக்கிறீர்கள். எங்களிடம் அவ்வளவு இடமில்லை என்பதால் பந்தைத் தடுக்கும் வலை மட்டும் கட்டினோம். அதைப் பற்றிச் சொல்கிறேன்.

கோல்ஃப் பந்தின் விட்டம் 42.67 மி.மீ.க்குக் குறையக்கூடாது என்பது விதி. ஆகவே கண் பெரிதான காற்பந்து வலை உதவாது. 25 மி.மீ. கண்ணுள்ள மீன்வலையே வாங்கினோம். வலையை விறைப்பாக இழுத்துக் கட்டக்கூடாது. கட்டினால் பந்து அடித்தவர் மீதே திரும்பும். தொய்வாகத் தொங்கவிட்டு, அதற்குப் பின்னால் ஒரு முழம் தள்ளி இரண்டாவது வலையும் போட்டால், வேகம் அடங்கி அங்கேயே விழுந்துவிடும். நைலான் வெயிலில் இற்றுப்போகும் என்பதால், பந்து படும் இடத்தை அவ்வப்போது விரலால் இழுத்துப் பார்க்க வேண்டும்.

பந்தை வெகுதூரம் அடிக்கும் டிரைவர் மட்டையை நாங்கள் அனுமதிப்பதில்லை. தொழில்முறை ஆட்டக்காரர் அடித்தால் பந்து மணிக்கு 250 கி.மீ.க்கு மேல் கிளம்பும். என் தம்பி அந்த அளவுக்கு அடிப்பவன் அல்லன். இருந்தாலும் பக்கத்து வீட்டு மாக்சிக் (மலாய்க்கார அம்மா) துணி உலர்த்துவது வேலியோரத்தில்தான். ஆகவே குறுந்தூரத்துக்கான வெட்ஜ் மட்டை மட்டுமே, அதுவும் அவர் துணிகளை எடுத்து உள்ளே போன பிறகே. இடி முழங்கினால் அதுவும் இல்லை.

மாடு நுழையாமலிருக்க நீங்கள் எவ்வகை வேலி போட்டீர்கள் என்பதையும், மீட்டருக்கு எத்தனை வெள்ளி ஆனது என்பதையும் எழுதினால் உதவியாக இருக்கும், ஐயா.