கர்சர் காட்டும் முகவரி ஒன்று, கொண்டுபோகும் இடம் இன்னொன்று: உங்கள் அனுபவம்?

பழைய மவுஸ்:

லிங்க்கைக் கிளிக் செய்வதற்கு முன்னால் கர்சரை அதன்மேல் நிறுத்தி, பிரவுசரின் கீழ்மூலையில் என்ன முகவரி வருகிறது என்று பார்ப்பது என் பழக்கம். ஆபீஸில் பாதுகாப்புப் பயிற்சி நடத்துபவர்கள் எல்லோருக்கும் சொல்லிக்கொடுப்பதும் இதைத்தான்.

சமீபத்தில் கேமரா விமர்சனம் எழுதும் ஒரு தளத்தில் ட்ரைபாட் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். கடைக்கு ஒரு லிங்க் இருந்தது. கீழ்மூலை காட்டியது கடையின் நேரடி முகவரி. கிளிக் செய்ததும் சம்பந்தமே இல்லாத ஒரு டொமைன் முகவரிப் பட்டையில் மின்னி மறைந்தது. அதற்கப்புறம்தான் கடை திறந்தது. கடை முகவரியின் வாலில் யாருடையதோ ஒரு கமிஷன் குறியீடு (நான் வாங்கினால் இவருக்குப் பங்கு என்று கடைக்குச் சொல்வது) ஒட்டிக்கொண்டிருந்தது.

விடுவேனா? பிரவுசர் பின்னணியில் செய்வதைக் காட்டும் டெவலப்பர் டூல்ஸைத் திறந்து, நெட்வொர்க் பகுதியில் 'பிரிசர்வ் லாக்'கை டிக் செய்துவிட்டு (செய்யாவிட்டால் பக்கம் மாறியதும் பழைய பதிவுகள் காணாமல் போய்விடும்) மறுபடி கிளிக் செய்தேன். கடைக்குப் போகும் வழியில் இரண்டு 302 தாவல்கள் ('வேறு முகவரிக்குப் போ' என்று சர்வர் திருப்பிவிடுவது). பக்கத்தின் சோர்ஸை (மூல நிரலை) பார்த்தால் லிங்க் சுத்தமாக இருக்கிறது. மவுஸ் பட்டன் கீழே இறங்கும் அந்தக் கணத்தில், வேறொரு சர்வரிலிருந்து வந்த ஸ்கிரிப்ட் முகவரியை மாற்றிவிடுகிறது. இதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரி கிடையாது.

கமிஷன் வாங்கிவிட்டுப் போகட்டும், எனக்கு ஒரு பைசா கூடுதல் செலவில்லை. காட்டுவது ஒன்று, கூட்டிப்போவது ஒன்று என்பதுதான் உறுத்துகிறது. உங்களில் யாராவது இப்படிப் பார்த்திருக்கிறீர்களா?

அரைகுறை டெவலப்பர்:

அண்ணே, இது இந்தத் தொழிலில் பழைய கதை. ஸ்கிம்லிங்க்ஸ், விக்லிங்க் (இப்போது சோவர்ன்) என்று இதற்கென்றே நிறுவனங்கள் உண்டு. தளத்தில் ஒரு துண்டு ஜாவாஸ்கிரிப்டைப் போட்டால் போதும், அவர்களுடன் ஒப்பந்தம் உள்ள கடைகளுக்குப் போகும் லிங்க் எல்லாம் கமிஷன் லிங்க் ஆகிவிடும். ஸ்கிம்லிங்க்ஸ் கால் பங்கை எடுத்துக்கொண்டு மீதியைத் தளத்துக்குக் கொடுக்கும். எழுதுகிறவர் எதையும் மாற்ற வேண்டாம். பல இடங்களில் எழுதுகிறவருக்கே தெரியாது.

2012 பிப்ரவரியில் படங்களைச் சேர்த்துவைக்கும் பின்டரெஸ்ட் தளம் இதில் மாட்டியது. ஜனங்கள் தங்களுக்குப் பிடித்த படத்தைப் பின் செய்து வைத்தால், அந்தப் படத்தின் லிங்க்கில் சத்தமில்லாமல் கமிஷன் குறியீடு ஏறியது. ஒரு வலைப்பதிவில் விஷயம் வெளிவந்ததும் பெரிய பேச்சாகிவிட்டது. சோதித்துப் பார்த்தோம், நிறுத்தியாகிவிட்டது என்றார்கள்.

மவுஸ் பட்டனை அழுத்தும்போது முகவரியை மாற்றும் இந்த வித்தையைக் கமிஷன்காரர்கள் மட்டும் செய்வதில்லை. கூகுள் தேடல் பக்கமே பல வருடம் இதைச் செய்தது. கர்சரை வைத்தால் தளத்தின் முகவரி தெரியும். ரைட் கிளிக் செய்து காப்பி எடுத்து ஒட்டினால் கூகுளில் தொடங்கும் முழ நீள முகவரி வந்து விழும். உங்கள் கேமரா தளத்திலும் ஒன்று செய்து பாருங்கள். லிங்க்கை அழுத்திப் பிடித்து, விடாமல் வெளியே இழுத்து, அப்புறம் விடுங்கள். பக்கம் மாறாது. மறுபடி கர்சரை வைத்தால் பெரும்பாலும் வேஷம் கலைந்திருக்கும்.

ராப்பூச்சி:

என்னுடையது கொஞ்சம் கலவரமான அனுபவம். தெரிந்த ஒருவரின் கேட்டரிங் தளத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். "தம்பி, நம்ம சைட்டைத் தொறந்தா சூதாட்ட சைட் வருதாமே, கஸ்டமர் திட்டுறாங்க" என்று போன். என் கம்ப்யூட்டரில் திறந்தால் ஒன்றுமில்லை. என் போனில் திறந்தாலும் ஒன்றுமில்லை. அவருக்கும் அப்படியே. கஸ்டமருக்கு மட்டும் வருகிறது!

கடைசியில் ஒரு ப்ளக்இன் (தளத்தில் சேர்க்கும் கூடுதல் நிரல்) வழியாக நுழைந்த ஸ்கிரிப்ட் கிடைத்தது. அது ஆள் பார்த்து வேலை செய்கிறது. தேடல் பக்கத்திலிருந்து போனில் முதல் தடவை வருகிறவரை மட்டும் திருப்பிவிடும். அட்மினாக லாகின் செய்திருந்த குக்கி (பிரவுசரில் தங்கும் அடையாளக் குறிப்பு) தெரிந்தால் சாது மாதிரி படுத்துக்கொள்ளும். முகவரியை நேராக டைப் செய்து வருகிறவரையும் தொடாது, ஏனென்றால் அது பெரும்பாலும் தளத்தின் சொந்தக்காரராக இருக்கும். எழுதியவன் யாரோ, மூளைக்காரன். புத்தம்புது போனில், இன்காக்னிட்டோவில், தேடல் வழியாக உள்ளே போனபோதுதான் எனக்கும் காட்சி கொடுத்தது.

இதே பாணியில் 2024 ஜூனில் உலகளவில் ஒன்று நடந்தது, நினைவிருக்கிறதா? பாலிஃபில் ஸ்கிரிப்ட். பழைய பிரவுசர்களில் இல்லாத வசதிகளை ஈடுகட்ட லட்சத்துக்கு மேற்பட்ட தளங்கள் ஒரே டொமைனிலிருந்து அதை ஏற்றிக்கொண்டிருந்தன. அந்த டொமைன் அந்த ஆண்டு பிப்ரவரியில் கைமாறியது. வாங்கியவர்கள் கையிலிருந்து வந்த ஸ்கிரிப்ட், போனில் வரும் சிலரை மட்டும் பந்தயத் தளங்களுக்குத் திருப்பியது. இதுவும் அட்மின் மாதிரி தெரிந்தால் அடங்கிக்கொண்டது. தளத்துக்கு வருகிறவர்களை எண்ணும் கூகுள் அனலிட்டிக்ஸ் சேவை போலவே தோன்றும்படி எழுத்து மாற்றிய ஒரு போலி முகவரி வழியாகத்தான் திருப்பினார்கள். கடைசியில் டொமைன் பதிவு நிறுவனமே அதை முடக்கியது. அதிலிருந்து நான் வெளி ஸ்கிரிப்ட் எதையும் நேரடியாக ஏற்றுவதில்லை, என் சர்வரிலேயே காப்பி வைத்துக்கொள்கிறேன்.

புளியோதரை:

கொஞ்சம் எதிர்க்கட்சியாகப் பேசுகிறேன், கோபிக்காதீர்கள். என்னிடம் ஒரு சமையல் தளம் இருக்கிறது. கமிஷன் ஸ்கிரிப்ட் அதில் ஓடுகிறது. ஹோஸ்டிங் செலவு அதில்தான் வருகிறது. மிக்ஸி பற்றி நான் எழுதுவதைப் படித்துவிட்டு யாரோ வாங்கினால், கடைக்காரர் எனக்குக் கொஞ்சம் கொடுப்பதில் என்ன தப்பு? ஒவ்வொரு கட்டுரையின் மேலேயும் 'இதிலுள்ள லிங்க் வழியாக வாங்கினால் எனக்குக் கமிஷன் கிடைக்கும்' என்று எழுதியிருக்கிறேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ரிப்போர்ட்டைப் பிரித்துப் பார்த்தபோது, வாசகர்கள் பின்னூட்டத்தில் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்ட லிங்க்குகளுக்கும் எனக்குக் காசு வந்திருந்தது. ஒரு அக்கா இன்னொருவருக்கு "இந்த இட்லித் தட்டு நல்லா இருக்கு" என்று போட்டது. அது என் பேச்சு இல்லையே. ஸ்கிரிப்டில் குறிப்பிட்ட பகுதிகளை விலக்கிவைக்க வசதி இருக்கிறது. பின்னூட்டம் முழுவதையும் விலக்கிவிட்டேன்.

பழைய மவுஸ்:

புளியோதரை அம்மா, நீங்கள் சொல்லிவிட்டுச் செய்கிறீர்கள், அதில் எனக்குச் சண்டையே இல்லை. அமெரிக்காவில் எஃப்.டி.சி. என்ற வணிகக் கண்காணிப்பு ஆணையம் 2009-லேயே வலைப்பதிவர்கள் உட்பட எல்லோரும் இந்த மாதிரிப் பண உறவை வெளியே சொல்ல வேண்டும் என்று வழிகாட்டியைத் திருத்தியது. அதற்கு ஒரு வரி போதும். அந்த ஒரு வரியைப் போடாமல் கீழ்மூலையை ஏமாற்றுவதற்கென்று நிரல் எழுதுகிறார்கள் பாருங்கள், அவர்களைத்தான் சொல்கிறேன்.

திண்ணை:

பணத்தைவிட எனக்குப் பெரிதாகப்படுவது வேறு. நடுவில் ஒரு ஆள் நின்றால் கதவு அவர் கையில். ட்விட்டரில் (இப்போது எக்ஸ்) போடும் எந்த லிங்க்கும் டி.கோ என்ற அதன் இடைமுகவரி வழியாகத்தான் போகும். 2023 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ், ஃபேஸ்புக், சப்ஸ்டாக் போன்ற சில தளங்களுக்குப் போகும் லிங்க் மட்டும் ஐந்து விநாடி தாமதமாவதைக் கவனித்தார்கள். வாஷிங்டன் போஸ்ட் சோதித்து எழுதியதும் தாமதம் விலகத் தொடங்கியது. படிக்கிறவர் அந்தத் தளம்தான் மெதுவாக இருக்கிறது என்று நினைத்துத் திரும்பியிருப்பார்.

அதே போல நடு ஆள் கடையை மூடினால் லிங்க்கும் செத்துவிடும். கூகுளின் பழைய முகவரிச் சுருக்கி 2025 ஆகஸ்டில் நிற்கும் என்று அறிவித்து, கடைசி நேரத்தில் புழக்கத்தில் இருப்பவற்றை மட்டும் விட்டுவைத்தார்கள்.

தனியுரிமை என்று மார் தட்டும் பிரவுசரும் விதிவிலக்கில்லை. 2020 ஜூனில் பிரேவ் பிரவுசரில் பைனான்ஸ் (Binance) என்ற கிரிப்டோ நாணயச் சந்தைத் தளத்தின் முகவரியை டைப் செய்தால், அதுவே தன் பரிந்துரைக் குறியீட்டைச் சேர்த்து முடித்துக் கொடுத்தது. அங்கே லிங்க்கே இல்லை, மனிதர் கையால் அடிக்கிறார்! பிரேவின் தலைவர் பிரெண்டன் ஐக் மன்னிப்புக் கேட்டு மாற்றினார்.

அரைகுறை டெவலப்பர்:

முகவரியையே மாற்றாமல் வேவு பார்க்கும் முறையும் இருக்கிறது. ஹெச்.டி.எம்.எல்.லில் லிங்க்குக்கு 'பிங்' என்று ஒரு பண்பு உண்டு. கிளிக் செய்ததும் பிரவுசரே பின்னணியில் இன்னொரு முகவரிக்குச் செய்தி அனுப்பிவிடும். தாவல் இல்லை, தாமதம் இல்லை, பார்க்கிறவருக்கு எதுவும் தெரியாது. ஃபயர்பாக்ஸில் இது இயல்பாகவே அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. குரோமில் அணைக்க இருந்த வழியை 2019-ல் எடுத்துவிட்டார்கள். யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பு நீட்சி அதைத் தடுத்துவிடும், ஆனால் 2025-லிருந்து குரோமில் அது ஓடுவதில்லை.

மழைக்குருவி:

எல்லோரும் கர்சர் கர்சர் என்கிறீர்கள். நான் எல்லாமே போனில்தான் பார்க்கிறேன். எனக்குக் கீழ்மூலையே கிடையாதே, என்ன செய்வது?

ராப்பூச்சி:

லிங்க்கை அழுத்திப் பிடித்தால் முகவரி மேலே வரும். ஆனால் விரல் பட்டவுடன் மாற்றும் ஸ்கிரிப்ட் என்றால் மாறிய முகவரியும் வரலாம், மாறாததும் வரலாம், அதை முழுசாக நம்பாதீர்கள். ஆண்ட்ராய்டு என்றால் ஃபயர்பாக்ஸ் போட்டு, அதில் யூபிளாக் ஆரிஜினைச் சேர்த்துவிடுங்கள். பெயர் தெரிந்த கமிஷன் ஸ்கிரிப்டுகள் பெரும்பாலும் ஏறவே ஏறாது. அப்படிச் செய்த பிறகு சில தளங்களில் லிங்க்கைத் தொட்டால் 'தடுக்கப்பட்டது' என்று ஒரு பக்கம் வரும். அது நடுவில் நிற்கும் டொமைன். அந்த நீள முகவரிக்குள்ளேயே பெரும்பாலும் உண்மையான முகவரி ஒளிந்திருக்கும், அதை மட்டும் எடுத்துப் போட்டுப் போய்விடலாம்.