மூன்றாம் பக்கத்து மழை: 'அவுட் ஆஃப் த ப்ளூ' ஆல்பம் உங்களிடம் எப்படி வந்து சேர்ந்தது?

கிராமபோன் பிரியன்:

எலக்ட்ரிக் லைட் ஆர்கெஸ்ட்ரா, நம்ம வழக்கில் இஎல்ஓ, 1977இல் வெளியிட்ட இரட்டை எல்பி, அதாவது இரண்டு தட்டு, நான்கு பக்கம் கொண்ட ஆல்பம், அதைப் பற்றித்தான் இந்த இழை. எனக்கும் பலரைப் போல அது 'மிஸ்டர் ப்ளூ ஸ்கை' என்ற ஒற்றைப் பாட்டாகத்தான் அறிமுகம். 2017இல் வந்த 'கார்டியன்ஸ் ஆஃப் த கேலக்ஸி' இரண்டாம் படத்தின் தொடக்கத்தில், பின்னால் எல்லாரும் ஒரு ராட்சத மிருகத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருக்க, முன்னால் குட்டி மர உருவமான குரூட் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டு போகுமே, அந்தப் பாட்டு. துள்ளலான பாட்டு என்று ஃபோனில் போட்டு வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

அப்புறம் பழைய இசைத்தட்டு விற்கிற ஒருவரிடம் அந்த எல்பியே கிடைத்தது. விரித்தால் ஷூசெய் நாகாவோகா வரைந்த அந்தப் பெரிய விண்கப்பல், அதற்குள் நுழைகிற சின்னக் கப்பலின் மேல் 'ஜேடிஎல்ஏ 823 எல்2' என்று ஓர் எண். அது வேறொன்றுமில்லை, அந்த இசைத்தட்டின் பட்டியல் எண்ணேதான். அட்டையில் வெட்டி ஒட்டிச் செய்கிற விண்கப்பல் ஒன்றும் அப்போது உள்ளே வைத்துக் கொடுத்தார்களாம். என் பிரதியில் அது இல்லை, முதலில் வாங்கியவர் வீட்டுப் பிள்ளைகள் செய்து விளையாடியிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

மொத்தம் 17 பாட்டு. ஆனால் நான் சொல்ல வந்தது மூன்றாம் பக்கம். அந்தப் பக்கத்துக்கே 'கான்சர்ட்டோ ஃபார் எ ரெய்னி டே' என்று தனிப்பெயர். முள்ளை வைத்ததும் இடி, மழைச் சத்தம், அதற்குள்ளிருந்து வயலின்கள் அவசர அவசரமாக வெட்டி வெட்டி வாசிக்கின்றன. 'ஸ்டாண்டின் இன் த ரெய்ன்' முடிந்து 'பிக் வீல்ஸ்' வருகிறது, அது இன்னும் சோகம், நகரவே மனமில்லாத ஒரு பாட்டு. மூன்றாவது 'சம்மர் அண்ட் லைட்னிங்'கில் கொஞ்சம் வெளுக்கிற மாதிரி இருக்கும். அதன்பிறகு ஒரு வானொலிக் குரல் வானிலை சொல்ல, 'மிஸ்டர் ப்ளூ ஸ்கை'யின் பியானோ டங்டங்கென்று ஆரம்பிக்கிறது பாருங்கள், ஐப்பசி அடைமழை விட்ட காலையில் தெருவே துணி காயப்போட வெளியே வருமே, அப்படி இருந்தது எனக்கு. முன்னால் இருக்கிற அந்த மூன்று பாட்டையும் விட்டுவிட்டு 'மிஸ்டர் ப்ளூ ஸ்கை'யை மட்டும் கேட்கிறவர்களுக்கு வெயில் மட்டும்தான் கிடைக்கிறது. மழை போய் வெயில் வருகிற அந்த நேரம் கிடைப்பதில்லை. இதை நான் யாரோடும் வாதாடத் தயார்.

உங்கள் அனுபவங்களை எழுதுங்கள்.

பர்மிங்காம்வாசி:

அண்ணா, எனக்கு இது கால்பந்து மைதானத்தில் வந்து சேர்ந்தது. வேலைக்காக பர்மிங்காம் வந்த புதிதில் கூட வேலை செய்கிறவர் செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானத்துக்குக் கூட்டிப் போனார். பர்மிங்காம் சிட்டி அணிக்கு நீலச் சட்டை, ரசிகர்கள் அவர்களை 'ப்ளூஸ்' என்றே கூப்பிடுகிறார்கள். இந்தப் பாட்டுகளை எழுதிப் பாடிய இஎல்ஓ தலைவர் ஜெஃப் லின்னும் இதே ஊர்க்காரர், இதே அணியின் ரசிகர். ஒலிபெருக்கியில் பாட்டு வந்ததும் அங்கிருந்த கிழவர் முதல் பள்ளிக்கூடப் பையன் வரை அத்தனை பேரும் கூடப் பாடினார்கள். எனக்கு ஒரு வரிகூடத் தெரியாது, ஆனால் சும்மா நிற்க முடியவில்லை.

பக்கத்து இருக்கைப் பெரியவர் நான் ஊருக்குப் புதுசு என்று தெரிந்ததும் பேச்சுக் கொடுத்தார். 1978 சுற்றுப்பயணத்தில், அட்டையில் இருக்கிற அதே விண்கப்பலை மேடையாகச் செய்து, கப்பலின் மூடி மேலே எழும்ப உள்ளே குழு நிற்கிற அந்தக் கச்சேரியை வெம்ப்ளியில் பார்த்தவர். எட்டு இரவு தொடர்ந்து நடந்ததாம், அவர் போனது ஓர் இரவு. அதைச் சொல்லும்போது இரண்டு கையையும் சேர்த்து வைத்து மெல்ல விரித்துக் காட்டினார், அப்போது ஆட்டம் ஆரம்பித்துவிட்டது, அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நீங்கள் மூன்றாம் பக்கம் என்கிறீர்கள், சரி. எனக்கு நான்காம் பக்கத்து 'பர்மிங்காம் ப்ளூஸ்' ஒரு படி மேலே. உலகமெல்லாம் சுற்றிவிட்டு ஊர் ஞாபகம் வந்து பாடுகிற பாட்டு அது. இந்த ஊரை விட்டு மாறிப் போனால் எனக்கும் அப்படித்தான் இருக்கும் என்று தோன்றுகிறது, நான் இங்கே பிறந்தவன் இல்லை என்றாலும்.

மியூனிக் தம்பி:

நான் இருக்கிற ஊரில்தான் இதைப் பதிவு செய்தார்கள் என்பதே எனக்கு ரொம்ப நாள் தெரியாது. போகன்ஹவுசன் பக்கம் அராபெல்லாஹவுஸ் என்று நீளமாக, உயரமாக ஒரு கான்கிரீட் கட்டடம், குடியிருப்பும் ஹோட்டலும் சேர்ந்தது. அதன் அடித்தளத்தில் இருந்தது மியூசிக்லேண்ட் ஸ்டுடியோ. இசைத் தயாரிப்பாளர் ஜியோர்ஜியோ மொரோடர் தொடங்கியது, குயீன் ராக் குழு எல்லாம் அங்கே வந்து பதிவு செய்திருக்கிறார்கள். இப்போது ஸ்டுடியோ இல்லை. அந்த வழியாக எத்தனையோ தடவை போயிருக்கிறேன், தெரிந்தபிறகு ஒருநாள் இறங்கி அந்தக் கட்டடத்தைச் சுற்றி நடந்தேன். பார்க்க ஒன்றுமே இல்லை, கண்ணாடிக் கதவு, சைக்கிள்கள், அஞ்சல் பெட்டிகள். ஆனாலும் திரும்பி வர மனம் வரவில்லை.

மூன்றாம் பக்கத்து மழை எங்கள் ஊர் மழை, இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். 1977 கோடையில் மியூனிக்கில் விடாமல் பெய்த மழையை ஜெஃப் லின்னே பதிவு செய்து சேர்த்தார். பாட்டுகளை அவர் எழுதியது அதற்கு முன்னால், சுவிட்சர்லாந்தில் ஒரு மலை வீட்டில். அங்கேயும் போன புதிதில் ஒரே மூடுபனி, மழை, பாட்டே வரவில்லை. ஒருநாள் மேகம் விலகி ஆல்ப்ஸ் மலை முழுசாகத் தெரிந்ததும் 'மிஸ்டர் ப்ளூ ஸ்கை' வந்தது, அதைத் தொடர்ந்து மளமளவென்று மற்றவை, மூன்றரை வாரத்தில் இரட்டை எல்பிக்கான பாட்டு தயார். இதை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஆக அண்ணன் சொன்ன அந்த மழையும் வெயிலும் நிஜமாகவே அந்த மனிதருக்கு அந்த வரிசையில் நடந்தவைதான்.

கோடையில் இங்கே மழை பிடித்தால் ஜன்னலைத் திறந்து வைத்து அந்தப் பக்கத்தைப் போடுவது இப்போது எனக்கு வழக்கமாகிவிட்டது. வெளியே எது, ஸ்பீக்கரில் எது என்று முதல் சில நொடிகள் தெரியாது.

வயலின் டீச்சர்:

எல்லாரும் மழையையே பேசுகிறீர்கள், வாசித்தவர்களைப் பற்றி யாராவது பேச வேண்டாமா? குழுவிலேயே மூன்று பேர் தந்தி வாத்தியக்காரர்கள்: வயலின் மிக் கமின்ஸ்கி, செல்லோ ஹ்யூ மெக்டவல், மெல்வின் கேல். அதற்கு மேல் முழு வாத்தியக் குழுவும் கோரஸும். அந்த ஏற்பாடுகளை ஜெஃப் லின்னும் கீபோர்டு ரிச்சர்ட் டேண்டியும் லூயிஸ் கிளார்க்கும் சேர்ந்து செய்தார்கள், நடத்தியது கிளார்க். பின்னால் 1981இல் ராயல் ஃபில்ஹார்மோனிக் வாத்தியக் குழுவை வைத்து, மேற்கத்திய செவ்விசைத் துண்டுகளை நடனத் தாளத்தில் கோத்த 'ஹூக்ட் ஆன் கிளாசிக்ஸ்' ஆல்பம் செய்தாரே, அவரேதான்.

என் மாணவிகளுக்கு வில்லைத் துண்டு துண்டாக இழுக்கிற பயிற்சிக்கு 'ஸ்டாண்டின் இன் த ரெய்ன்' தொடக்கத்தைப் போட்டுக் காட்டுவேன். அந்த வெட்டு வாசிப்பில் ஓர் இடத்தில் மோர்ஸ் தந்திக் குறியில் இ, எல், ஓ என்று வருகிறது. ஒரு புள்ளி, புள்ளி, கோடு, இரண்டு புள்ளி, மூன்று கோடு. ஒருநாள் அதைப் பலகையில் எழுதிக் காட்டிவிட்டுப் பாட்டைப் போட்டேன், ஒரு பத்து வயதுக் குழந்தை கண்ணை மூடிக்கொண்டு கேட்டு, அந்த இடம் வந்ததும் "டீச்சர், இங்கேதான்!" என்று வில்லோடு கையைத் தூக்கினாள். அன்றைக்கு வகுப்பு நேரம் முடிந்தும் அவள் கிளம்பவில்லை, அந்தத் தாளத்தையே திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டிருந்தாள், நானும் போகச் சொல்லவில்லை.

இன்னொன்று. 'மிஸ்டர் ப்ளூ ஸ்கை'யின் கடைசிப் பகுதியைப் பல இடங்களில் வெட்டிவிடுகிறார்கள், எனக்கு மிகவும் வருத்தமான விஷயம் அது. துள்ளல் நின்று கோரஸும் தந்திகளும் பியானோவும் எழும்புகிற அந்த முடிவு, நான்கு பாட்டுக்கும் சேர்த்து எழுதப்பட்ட முடிவு. தயவுசெய்து முழுசாகக் கேளுங்கள்.

கிராமபோன் பிரியன்:

அக்கா, மோர்ஸ் விஷயம் எனக்குப் புதுசு, இப்போதே போட்டுக் கேட்டேன், ஆமாம்! தம்பி, அந்த மழை இனிமேல் எனக்கும் மியூனிக் மழைதான்.

அக்கா சொன்ன அந்த முடிவின் கடைசியில் வோகோடர் என்ற குரல் மாற்றும் கருவி வழியாக ஓர் இயந்திரக் குரல் வரும். பாட்டின் பெயரைத்தான் சொல்கிறது என்று நினைப்பவர்கள் நிறைய, ஆனால் அது சொல்வது தட்டைத் திருப்பிப் போடச் சொல்லி. பக்கம் அங்கே முடிகிறது இல்லையா. அதனால் ஃபோனில் கேட்கிறவர்கள் ஷஃபிளை அணைத்துவிடுங்கள், பாட்டுக்கும் பாட்டுக்கும் இடைவெளி விடுகிற அமைப்பு இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள், 'ஸ்டாண்டின் இன் த ரெய்ன்' தொடங்கி நாலு பாட்டு, முடிந்தால் ஹெட்ஃபோனில். பர்மிங்காம் தம்பிக்காக நான்காம் பக்கத்தையும் இன்று இரவு முழுசாகக் கேட்கிறேன், வழியில் அந்த 'த வேல்' (திமிங்கிலம்) வாத்திய இசையும் வரும், அது யாருக்கெல்லாம் பிடிக்கும் என்று எழுதுங்கள்.