நாவலுக்குப் பிறகு ராஜராஜன்: ஆய்வு நூல் வழியாகப் படித்தவர்கள் அனுபவம் எழுதுங்கள்

தி.நகர் வாசகர்:

சோழர் வரலாற்றுக்குள் நம்மில் பெரும்பாலோர் 'பொன்னியின் செல்வன்' போன்ற நாவல் வழியாக வந்தவர்கள்தாம். முதலாம் ராஜராஜனைப் பற்றி ஆய்வாளர்கள் எழுதியதை எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் உட்கார்ந்து படிக்கத் தொடங்கியபோது, உண்மையைச் சொன்னால், சலிப்புத் தட்டியது. பாதிப் பக்கம் அடிக்குறிப்பு. 985-இல் முடிசூடினார், 1014 வரை ஆண்டார். படையெடுப்புகளுக்கு ஓர் அத்தியாயம், வரிகளுக்கு ஓர் அத்தியாயம். ஆள் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது.

வந்தியத்தேவனையும் தேடினேன். நாவல் நெடுகக் குதிரை ஏறித் திரிந்தவர், தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் 'வல்லவரையர் வந்தியத்தேவர் மாதேவியார்' என்று ராஜராஜனின் அக்கா குந்தவையைக் குறிக்கும் இடத்தில் அரை வரியில் வந்து போகிறார். இவ்வளவுதானா!

ஆனால் அதே கோயில் சுவரில் தளிச்சேரிப் பெண்கள், அதாவது கோயில் பணிக்கான ஆடல் மகளிர், 400 பேரின் பட்டியல் இருக்கிறது. சோழ நாட்டின் பல கோயில்களிலிருந்து தஞ்சைக்கு அழைத்து வரப்பட்டவர்கள். யார், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், தெருவின் எந்தச் சிறகில் (வரிசையில்) எத்தனையாவது வீடு எல்லாம் கல்லில் இருக்கின்றன. ஆண்டுக்கு ஆளுக்கு 100 கலம் நெல். ஒருவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ அந்தப் பங்கு யாருக்கு என்பதுவரை எழுதிவைத்திருக்கிறார்கள். இதைப் படித்த பிறகு போர்களில் எனக்கு ஆர்வம் குறைந்துவிட்டது.

மன்னர் தன் குரலில் பேசுவதும் ஒரு கொடைப் பட்டியலில்தான். நாம் கொடுத்தவை, நம் அக்கன் கொடுத்தவை, நம் பெண்டுகள் கொடுத்தவை, மற்றும் கொடுத்தார் கொடுத்தவை, எல்லாவற்றையும் கல்லிலே வெட்டுக என்கிறார். தேவியருக்கு முன்னால் அக்கா! குந்தவையின் செல்வாக்கைப் பற்றி நாவலாசிரியர்கள் பல அத்தியாயங்கள் எழுதினார்கள். இந்த வரிசை எனக்குப் போதுமானதாக இருந்தது.

பெரம்பூர்க்காரன்:

அண்ணா, என்னை இழுத்தது உடையார்குடிக் கல்வெட்டு. ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று ரவிதாசன், சோமன், பரமேசுவரன் முதலானோரை அதுதான் பெயர் சொல்கிறது. கொலை வழக்கின் தீர்ப்பு போல இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனால், அது ஒரு நிலப் பத்திரம்! அவர்களிடமிருந்து பறிமுதல் செய்த நிலம் கைமாறிய விவரம். கொலை போகிற போக்கில் வருகிறது. ராஜராஜனின் 2-ஆம் ஆட்சியாண்டு. அதற்குள், ராஜராஜனுக்கு முன் ஆண்ட உத்தம சோழனின் ஆட்சியே முடிந்துவிட்டது. உத்தமனுக்குச் சதியில் பங்குண்டு என்று வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரியார் சந்தேகிக்கிறார், இன்னொரு வரலாற்றாசிரியர் சதாசிவப் பண்டாரத்தார் மறுக்கிறார். ஒரே கல்லை இரண்டு பெரியவர்கள் படித்து இரண்டு பக்கம் போகிறார்கள். நான் பண்டாரத்தார் பக்கம். ஆனால் அதற்குக் காரணம் அவருடைய தமிழ் நடையாகவும் இருக்கலாம், நம்பிவிடாதீர்கள்.

வேளச்சேரி வாசகி:

கணக்குத் துறையில் காலம் தள்ளியவள் நான். நீங்கள் இருவரும் சலித்துக்கொள்ளும் பகுதிதான் எனக்கு விருந்து. கோயிலில் அணையாமல் எரியும் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள். நாளுக்கு ஓர் உழக்கு நெய். அளப்பதற்கு 'ஆடவல்லான்' என்று பெயரிட்ட அளவை. எந்த இடையர் எத்தனை ஆட்டுக்குப் பொறுப்பு என்று பெயரோடு இருக்கிறது. ஆடு செத்தால் மந்தை குறையக்கூடாது. எண்ணிக்கையை நிறுத்துவது அவர் பாடு. இதைவிடக் கறாரான ஒப்பந்தத்தை நான் அலுவலகத்தில் பார்த்ததில்லை.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. ஈழத்து ஊர்கள் சிலவற்றின் வருவாயும் தஞ்சைக் கோயிலுக்கு எழுதிவைக்கப்பட்டது. பேரரசரின் பெருமையாகவே இதை மேடைகளில் பேசுகிறோம். அந்த ஊர்க்காரர்கள் பக்கம் நின்று ஒரு பத்தியாவது எழுதும் ஆய்வாளரைத்தான் நான் முதலில் நம்புவேன்.

தி.நகர் வாசகர்:

அம்மா, நியாயமான கேள்வி. மூலத்தையே பார்க்க நினைப்பவர்களுக்கு: 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' இரண்டாம் தொகுதியில் பெரும்பகுதி தஞ்சைக் கோயில் சாசனங்கள்தாம். தமிழ் மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர்ந்தே இருக்கின்றன. பெரம்பூர்த் தம்பி, பண்டாரத்தார் உத்தமனுக்காக வாதாடும் பக்கங்களைப் படம் எடுத்து இங்கே போடுங்கள், சண்டையைத் தொடரலாம்.