மிதிவண்டிக் கம்பியை வெட்டும் கருவி: ‘புரிக்கத்தரி’ என்ற சொல்லை முன்வைத்து

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

மிதிவண்டிப் பராமரிப்புச் சொற்பட்டியலில், பிரேக்கையும் கியரையும் இயக்கும் கம்பியை வெட்டும் கைக்கருவிக்கு ‘கம்பிவெட்டி’, ‘வடவெட்டி’ என இரண்டு சொற்கள் வந்துள்ளன. இரண்டையும் ஏற்க எனக்குத் தயக்கம் இருக்கிறது. பெயரை நம்பிக் கடைக்குப் போகிறவர் தவறான கருவியோடு திரும்பும்படி ஒரு கலைச்சொல் அமையக் கூடாது. இவ்விரண்டும் அதற்கே வழி செய்யும்.

பிரேக்கின் உள்கம்பி ஏறத்தாழ 1.5 அல்லது 1.6 மி.மீ. விட்டமும், கியரின் உள்கம்பி 1.1 அல்லது 1.2 மி.மீ. விட்டமும் கொண்டவை. பார்வைக்கு ஒற்றைக் கம்பியாகத் தெரிந்தாலும், மெல்லிய எஃகு இழைகள் பலவற்றை, பெரும்பாலும் 19 இழைகளை, முறுக்கி உருவாக்கப்பட்டவை. நிப்பரிலும் கட்டிங் பிளேயரிலும் வெட்டு விளிம்புகள் நேருக்கு நேர் வந்து முட்டுகின்றன. அந்த அழுத்தத்தில் இழைகள் அறுவதற்கு முன் பக்கவாட்டில் பிதுங்கித் தட்டையாகின்றன; சில அறுந்து, சில அறாமல் நிற்க, பொறுமையிழந்து முறுக்கி இழுத்தால் முனை துடைப்பமாக விரிந்துவிடும். விரிந்த முனையை உறைக்குள், அதாவது உள்கம்பி ஓடும் வெளிக்குழாய்க்குள், மறுபடி நுழைப்பது ஏறக்குறைய முடியாத காரியம். விரலில் ஏறும் இழை தனித் தொல்லை. ஆணியையும் கட்டுக்கம்பியையும் நறுக்குவதற்கு ‘கம்பிவெட்டி’ பொருத்தமான பெயர்தான், ஆனால் நாம் பேசும் கருவி அதுவன்று.

இந்த வேலைக்கென்றே செய்யப்பட்ட கருவியில், உட்புறம் வளைந்த இரண்டு அலகுகள் ஒன்றையொன்று உரசிக் கடந்து செல்கின்றன. மூடும்போது அவற்றின் வளைவுகள் கம்பியைச் சுற்றிலும் வளைத்துக்கொள்வதால், இழைகள் விலகி ஓட இடமின்றி ஏறத்தாழ ஒரே நேரத்தில் அறுகின்றன. முட்டிப் பிடிப்பது குறடு, கடந்து வெட்டுவது கத்தரி என்ற பிரிவு தமிழில் முன்பே இருக்கிறது. முறுக்கிய இழைக்கும் ‘புரி’ என்ற சொல் முப்புரி நூலிலும் வைக்கோற்புரியிலும் வழங்கிவருகிறது. எனவே உள்கம்பியைப் ‘புரிக்கம்பி’ என்றும், கருவியைப் ‘புரிக்கத்தரி’ என்றும் வழங்கலாம் என்பது என் முன்மொழிவு.

பாக்குவெட்டி, நகவெட்டி எனப் பழகிய ஈறு இருக்கையில் கத்தரி எதற்கு என்று கேட்கப்படலாம். நகவெட்டியின் விளிம்புகள் நேருக்கு நேர் முட்டுபவை; அதாவது, ‘வெட்டி’ என்ற ஈறு கருவி வெட்டும் விதத்தைச் சொல்வதில்லை, இங்கோ விதம்தான் முக்கியம். ‘வடவெட்டி’யில் சிக்கல் இன்னும் பெரிது. மின்பணியாளர்கள் பயன்படுத்தும், அதே போன்ற வளைந்த அலகுடைய கருவி ஒன்று உண்டு; அது செம்புக்கும் அலுமினியத்துக்கும் உரியது. அதில் எஃகுப் புரியை வைத்து அழுத்தினால் அலகின் விளிம்பு பல் விழுந்து போகும். செம்பு வடமும் புரிகளால் ஆனதுதானே என்ற மறுப்பு நியாயமானதே. ஆகவே தலைச்சொல்லாக ‘எஃகுப்புரிக் கத்தரி’ என்று பதிந்து, தொடரில் ‘புரிக்கத்தரி’ என்று சுருக்கிக்கொள்ளலாம்.

பட்டியலில் ஒவ்வொரு கருவிக்கும் தேர்வுக் குறிப்பு எழுதுவதாக முடிவாகியிருப்பதால், இதற்கு உரியதையும் சொல்லிவிடுகிறேன். மூடிய அலகுகளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அவற்றுக்கிடையே இடைவெளி தெரியக் கூடாது. இடைவெளி இருந்தால் மெல்லிய இழை அதற்குள் மடிந்து நழுவும். அச்சு, அடித்து இறுக்கிய தறையாணியாக இல்லாமல், முறுக்கிச் சரிசெய்யத்தக்க மரையாணியாக இருப்பது நல்லது. பழைய கியர்க் கம்பித் துண்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோய் வெட்டிப் பார்ப்பதைவிட நம்பகமான சோதனை கிடையாது, ஏனெனில் தடித்த பிரேக் கம்பியைச் சுத்தமாக வெட்டும் கருவியும் மெல்லிய கம்பியில் தடுமாறுவதுண்டு. கைப்பிடிகளுக்கிடையே, கம்பியின் அறுத்த முனை பிரியாமலிருக்க மாட்டும் சிறு மூடியான முனைக் குப்பியை நசுக்கிப் பொருத்தும் பள்ளம் இருந்தால் வேறு குறடு தேட வேண்டியதில்லை. சுவிட்சர்லாந்தின் ஃபெல்கோ, அமெரிக்காவின் பார்க் டூல், ஜப்பானின் ஷிமானோ ஆகியவற்றின் கருவிகள் விலை கூடியவை. இருந்தாலும் ஆரக்கம்பியை அதில் நறுக்கும் பழக்கம் இல்லாத கையில் அவை நெடுங்காலம் உழைக்கும்.

நம் ஊர்ச் சைக்கிள் கடைகளில் இதற்குத் தனிப்பெயர் நிலைக்காததற்கு ஒரு காரணம் தோன்றுகிறது: நெடுங்காலம் தெருவை ஆண்ட கறுப்பு வண்டிகளில் பிரேக்கை இழுத்தது விறைப்பான இரும்புக் கம்பி, அதில் வெட்டிப் பொருத்த எதுவுமில்லை. பின்னால் வந்த ‘பிரேக் ஒயர்’ கையில் கிடைத்த கருவியால் வெட்டப்பட்டது.

உறையின் முனையில் மாட்டும் வளையத்துக்கு, உலக்கையில் இருப்பதே பெயராகட்டும்: பூண். புரிக்கம்பியின் அறுத்த முனைக்கு ‘முனைக் குப்பி’ போதும்.

உறைக்குத்தான் இரண்டு சொற்கள் தேவைப்படுகின்றன. பிரேக்குக்குரிய 5 மி.மீ. உறை, தட்டைக் கம்பியைச் சுருளாகச் சுற்றிச் செய்யப்படுவது. வளையும்போது அதன் நீளம் சற்றே மாறும் என்பதால், ஒரு சொடுக்குக்கு ஒரு பல்சக்கரம் என மாறும் கியர்களுக்கு அது ஒத்துவரவில்லை. அவற்றுக்காக, நீளவாக்கில் அடுக்கிய கம்பிகளைக் கொண்ட உறை வந்தது, பெரும்பாலும் 4 மி.மீ. இவற்றைச் ‘சுருளுறை’, ‘நெட்டிழையுறை’ எனலாம். இரண்டையும் புரிக்கத்தரியாலேயே வெட்டலாம். சுருளுறையில் அலகை இரண்டு சுற்றுகளுக்கு நடுவே நுழைத்து வெட்ட வேண்டும், பிசிறை அரத்தால் தேய்த்துச் சமப்படுத்த வேண்டும். எந்த உறையானாலும், நசுங்கிய உட்குழாயைக் குத்தூசியால் விரித்துவிட்ட பிறகே பூணை மாட்ட வேண்டும்.

கியருக்கான சாதாரண நெட்டிழையுறையைப் பிரேக்கில் போட்டால், அழுத்தத்தில் மேலுள்ள பிளாஸ்டிக் பிளந்து கம்பிகள் வெளியே வந்துவிடலாம்; பிரேக் பிடிக்காது. எனவே அந்தப் பதிவில் மட்டும் ‘பிரேக்குக்கு ஆகாது’ என்ற குறிப்பைத் தலைச்சொல்லின் அருகிலேயே இட வேண்டுகிறேன். மறுப்பு இருப்பவர்கள் இவ்விழையிலேயே எழுதலாம்.